18446744073709551615: இந்த எண்ணுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது?

இரும_ரசிகன்

நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் இந்த 20 இலக்க எண்ணில் முட்டியிருப்பார்கள். குறி இல்லாமல் 64 பிட்டுக்குள் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. அதாவது 2^64 − 1. இருமத்தில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை.

வாய்விட்டுப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 1,84,467 கோடி கோடி, அப்புறம் 44,07,370 கோடி, அப்புறம் 95,51,615.

இதைக் காரணிப்படுத்திப் பார்த்தேன்.

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே வகுஎண்கள் மொத்தம் 2^7 = 128. இதில் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் 2இன் ஏதோ ஓர் அடுக்கோடு 1 கூட்டியவை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. நடுவில் இந்த 641ம் 6700417ம் எங்கிருந்து வந்து உட்கார்ந்தன?

இந்த ஒரே எண்ணைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் இங்கே கொட்டலாம். சதுரங்கப் பலகைத் தானியக் கதை மட்டும் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

---

மறுப்பாளன்

இழையைக் கெடுக்க வந்தவன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்ன எதுவும் இந்த எண்ணின் குணம் இல்லை. 2இன் எந்த அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தாலும் இருமத்தில் முழுக்க ஒன்றுகள்தான் வரும். அடுக்கு இரட்டை எண்ணாக இருந்தால் விடை 3ஆல் வகுபடும். அடுக்கு 4இன் மடங்காக இருந்தால் 5ஆலும் வகுபடும். 64 என்பது பகு எண், அதனால் 2^64 − 1 பகா எண்ணாக இருக்கவே முடியாது. எல்லாம் குடும்பச் சொத்து. இந்த எண் தானாகச் சம்பாதித்தது என்று ஒன்றைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

---

கணக்கு_வாத்தியார்

மறுப்பாளன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் முதலில் குடும்பம் எது என்று பார்த்துவிடுவோம்.

2^64 என்பது 2^32இன் வர்க்கம். எனவே

2^64 − 1 = (2^32 − 1) × (2^32 + 1)

முதல் அடைப்புக்குறியை அதே மாதிரி மறுபடி உடைக்கலாம். அதில் வரும் முதல் அடைப்புக்குறியை மறுபடியும். 64ஐப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சிக்கலில்லாமல் 1இல் வந்து நிற்கும் என்பதால் இந்த வேலை கடைசி வரை ஓடுகிறது.

2^64 − 1 = (2 + 1)(2^2 + 1)(2^4 + 1)(2^8 + 1)(2^16 + 1)(2^32 + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். இந்த வடிவத்தில் வருவது எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா 1640 வாக்கில் கடிதங்களில் எழுதினார். முதல் ஐந்துக்கு அது உண்மை. ஆறாவதில்தான் கவிழ்ந்தது. 4294967297 = 641 × 6700417 என்று 1732இல் ஆய்லர் காட்டினார். இரும_ரசிகன் கேட்ட இரண்டு விருந்தாளிகளும் வந்தது அந்த வழியாகத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தியவை எல்லாவற்றையும் பெருக்கி 2 கூட்டினால் அந்த எண் வந்துவிடும். நம் எண் முதல் ஆறின் பெருக்கல். 2 கூட்டினால் 2^64 + 1, அதாவது ஏழாவது. எல்லாம் ஒற்றைப்படை எண்கள், வித்தியாசம் வெறும் 2. ஆகவே எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. இதை 1730இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதினார். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் புதிதாக ஒரு பகா எண்ணையாவது கொண்டுவந்தாக வேண்டும் என்பதால், பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதும் இதிலிருந்தே விழுந்துவிடுகிறது. நம் எண்ணில் எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வராததற்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, அந்த ஆறும் தனித்தனியாக வர்க்கக் காரணி இல்லாதவை என்பது.

---

நிலா_படிக்கிறாள்

சார், 641 என்பது 116ஆவது பகா எண். ஆய்லர் 3இல் ஆரம்பித்து 115 எண்களால் 4294967297ஐ வகுத்துப் பார்த்துக்கொண்டா இருந்திருப்பார்? அப்படியே 641 கிடைத்தாலும், மிச்சம் இருக்கும் 6700417 பகா எண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அதன் வர்க்கமூலமே 2588க்கு மேல் போகிறது.

---

கணக்கு_வாத்தியார்

அத்தனை வகுத்தல் வேண்டியதில்லை அம்மா. 4294967297ஐ வகுக்கும் ஒரு பகா எண்ணை ப என்று வைத்துக்கொள். 2^32 + 1 அதனால் வகுபடுகிறது, ஆகவே 2^32ஐ ப ஆல் வகுத்தால் மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2^64இன் மீதி 1. 2ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போகும்போது முதன்முதலில் மீதி 1 வருவது சரியாக 64ஆவது அடுக்கில்தான். அதற்கு முன்னால் வர வழியில்லை, ஏனென்றால் பாதிவழியில் 32இல் −1 நிற்கிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அந்த 64, ப − 1ஐ வகுக்க வேண்டும். எனவே ப = 64இன் மடங்கு + 1. இது ஆய்லரின் சல்லடை. 1878இல் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கி, 128இன் மடங்கு + 1 என்று காட்டினார்.

இப்போது 128இன் மடங்கோடு 1 கூட்டி வரிசையாக எழுதிப் பார். 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257ம் 641ம் மட்டும்தான். 257 தானே ஒரு ஃபெர்மா எண், கோல்ட்பாக் சொன்னபடி அது வகுக்காது. அதாவது லூக்காவின் சல்லடை கையில் இருந்தால், சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641!

6700417க்கும் இதே சல்லடைதான். அதன் காரணி எதுவானாலும் 4294967297இன் காரணியும்தான். 2588க்குள் அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. அவ்வளவே. வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடச் சுழியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஐந்தே வகுத்தல், ஒரு துண்டுத்தாள் போதும்.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டும் வழியும் உண்டு. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2^7 + 1
641 = 5^4 + 2^4

முதல் வரியிலிருந்து, 5 × 2^7 என்பதை 641ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5^4க்குப் பதிலாக −2^4ஐப் போடலாம். அப்போது −2^32இன் மீதி 1, அதாவது 2^32 + 1 மீதியில்லாமல் வகுபடும். முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மேலே சல்லடைக்குப் பயன்பட்ட சிறு தேற்றம் ஃபெர்மாவுடையதே. அவர் கையில் இருந்த கருவியால் அவரே பிடித்திருக்கலாம்.

---

பிட்_தச்சன்

வேடிக்கைக்கு மேல் வேடிக்கை. பெரிய எண்ணைக் காரணிப்படுத்த ஃபெர்மாவின் பெயரிலேயே ஒரு முறை உண்டு அல்லவா? எண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் வர்க்கத்தை எடுத்து, எண்ணைக் கழித்து, மிச்சமும் வர்க்கமா என்று பார்ப்பது. 18446744073709551615க்கு அடுத்த வர்க்கம் 4294967296². கழித்தால் 1. அதுவும் வர்க்கம்! முதல் அடியிலேயே எண் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆனால் பிளந்து வரும் 4294967297இல் ஃபெர்மா ஏமாந்தார்.

"2^(அ−1)ஐ அ ஆல் வகுத்து மீதி 1 வந்தால் அ பகா எண்ணாக இருக்கலாம்" என்ற வழக்கமான சோதனையை 4294967297இல் ஓட்டிப் பாருங்கள். தேறிவிடும். 2இன் சுழற்சி நீளம், அதாவது மீதி முதன்முதலில் 1 ஆகும் அடுக்கு, 64. 4294967296 என்பது 64இன் மடங்கு. பொய்ப் பகா எண். நம் 20 இலக்க எண்ணோ அந்தச் சோதனையில் உடனே தோற்கும். அதிலிருந்து 1ஐக் கழித்தால் 2 × (2^63 − 1), அது 64ஆல் வகுபடாது.

---

மறுப்பாளன்

எல்லாம் அருமை. ஆனால் நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பது 4294967297இன் கதை. 18446744073709551615 அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2^128 − 1ம் அதே 641ஐ வைத்திருக்கிறது. 2^192 − 1ம் வைத்திருக்கிறது. அடுக்கு 64இன் மடங்காக இருந்தால் போதும். மறுபடியும் குடும்பச் சொத்து.

---

நிலா_படிக்கிறாள்

> அடுக்கு 64இன் மடங்காக இருந்தால் போதும்

சரி, ஆனால் அந்த வரிசையில் முதல் ஆள் யார்? 3, 15, 255, 65535, 4294967295 என்று மேலே இருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒழுங்கான பிள்ளைகள். 4294967295ஐ மட்டும் பாருங்கள். 3 × 5 × 17 × 257 × 65537. அதற்குக் கீழே, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணினால் 2 × 4 × 16 × 256 × 65536 = 2^31. சுத்தமான இரண்டின் அடுக்கு.

இதனால்தான் 4294967295 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும், கொள்கையளவில். 17 பக்கத்துக்கு முடியும் என்று காஸ் 1796இல் கண்டுபிடித்தார். இப்படி எண்ணினால் இரண்டின் அடுக்கு வராத எண்களுக்கு முடியாது என்பதை 1837இல் வான்செல் நிரூபித்தார். ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடியவை என்று இன்றுவரை தெரிந்த பலகோணங்கள் 31. அவை அத்தனையும் 4294967295இன் வகுஎண்கள்தான், 1ஐ மட்டும் நீக்கிவிட்டு.

அடுத்த படி நம் எண். அதற்கு இந்தக் கணக்கைப் போட்டால் 2^31 × 640 × 6700416 = 9208981628670443520. இது இரண்டின் அடுக்கு இல்லை. 640க்குள் ஒரு 5 இருக்கிறது. 6700416 = 2^7 × 3 × 17449. ஆகவே 18446744073709551615 பக்கப் பலகோணத்தை வரைய முடியாது. இந்த ஏணியில் முதன்முதலாக உடையும் படி இதுதான். இதையாவது சொந்தச் சம்பாத்தியம் என்று ஒப்புக்கொள்வீர்களா அண்ணா?

---

மறுப்பாளன்

முதலில் கெட்டுப்போனவன் என்பதும் ஒரு தகுதிதான், மறுக்கவில்லை. பாதி ஒப்புதல்.

---

பாஸ்கல்_தாசன்

நிலா சொன்ன 31ஐ வைத்து ஒன்று. பாஸ்கல் முக்கோணத்தை எழுதி, ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்.

1 → 1
11 → 3
101 → 5
1111 → 15
10001 → 17
110011 → 51
1010101 → 85
11111111 → 255

இப்படியே போனால் முதல் 32 வரிகள் 4294967295இன் 32 வகுஎண்களையும் ஒன்று விடாமல், ஏறுவரிசையில் தருகின்றன. 64ஆவது வரியில் 64 ஒன்றுகள்: நம் எண்!

முதல் 64 வரிகளில் வரும் 64 எண்களும் நம் எண்ணை வகுக்கும். ஆனால் அதற்கு வகுஎண்கள் 128 என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. மீதி 64 எங்கே? அவை முக்கோணத்தில் தென்படவே மாட்டா. 641ஐயும் 6700417ஐயும் பிரித்து எடுத்தால் மட்டும் பிறக்கும் வகுஎண்கள் அவை. முக்கோணத்துக்கு 4294967297 ஒரே கட்டி, அதன் உள்ளே விரிசல் இருப்பது அதற்குத் தெரியாது.

---

பிட்_தச்சன்

"காரணிப்படுத்தி என்ன பயன்" என்று யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 64 பிட் பதிவேட்டை எடுத்து, பிட்டுகளை நகர்த்தி, சிலவற்றை விலக்குக் கூட்டல் (XOR) செய்து மறுபடி உள்ளே திணிக்கும் சமவாய்ப்பு எண் இயந்திரங்கள் உண்டு. எல்லாம் சுழியமாக இருக்கும் நிலையில் அவை அங்கேயே நின்றுவிடும். அதை விட்டால் மிச்சம் இருப்பது சரியாக 2^64 − 1 நிலைகள். நல்ல இயந்திரம் என்றால் அத்தனையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்கு வர வேண்டும். 2003இல் மார்சாலியா வெளியிட்ட நகர்த்தல் முறையிலும் 64 பிட் வகையின் சுற்று நீளம் இதே எண்தான்.

அது முழுச் சுற்று சுற்றுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு அடியாக நடந்து பார்க்க முடியாது. விநாடிக்கு ஓர் அடி என்றால் ஏறக்குறைய 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். (64 வட்டுகள் கொண்ட ஹனோய் கோபுரத்தை நகர்த்த வேண்டிய குறைந்தபட்ச அசைவுகளும் இதே எண்தான். அந்தப் புதிரை 1883இல் வெளியிட்டவர் மேலே வந்த அதே லூக்கா.)

இங்கேதான் காரணிகள் கைகொடுக்கும். 2^64 − 1 அடிகளுக்குப் பின் ஆரம்ப நிலைக்கு வந்துவிடுகிறது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அது வேகமாக முடியும், அடியை இரட்டித்து இரட்டித்துத் தாண்டலாம். அப்புறம் எண்ணை 3ஆல் வகுத்த அளவு, 5ஆல் வகுத்த அளவு, 17ஆல், 257ஆல், 641ஆல், 65537ஆல், 6700417ஆல் வகுத்த அளவு என்று ஏழு இடங்களில் மட்டும் எட்டிப் பார்த்து, அங்கெல்லாம் ஆரம்ப நிலை வரவில்லை என்று காட்டினால் போதும். ஏழு சோதனை. 641ஐ மறந்துவிட்டால், 641இல் ஒரு பங்கு நீளமே சுற்றும் மட்டமான இயந்திரம்கூடத் தேறிவிடும்.

---

மௌன_வாசகன்

ஜாவாஸ்கிரிப்டில் இந்த எண்ணை அப்படியே தட்டினால் 18446744073709552000 என்று காட்டுகிறது. யாரிடமும் சொல்லாமல் 385ஐக் கூட்டிவிட்டது.

---

பிட்_தச்சன்

கூட்டியது 1தான் தம்பி. அங்கே சாதாரண எண்கள் எல்லாம் மிதவைப் புள்ளி எண்கள், 53 பிட் துல்லியம்தான். 64 ஒன்றுகள் அதில் நுழையாது, ஆகவே பக்கத்தில் இருக்கும் 2^64க்கு நகர்ந்துவிடும். 2000 என்று முடிவது அச்சிடும்போது செய்யும் சுருக்கம். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

---

வர்க்கப்பித்தன்

வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்று யாரும் பார்க்கவில்லையே. எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். நம் எண்ணின் மீதி 7 (இருமத்தில் கடைசி மூன்று ஒன்றுகள்). 0, 1, 4 இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. ஆகவே இரண்டு வர்க்கம் போதாது, மூன்று வர்க்கமும் போதாது. நான்கு வேண்டும். எந்த முழு எண்ணுக்கும் நான்கு போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிரூபித்துவிட்டார், ஆகவே நான்கில் முடியும்.

---

மறுப்பாளன்

7, 15, 31, 63 எல்லாவற்றுக்கும் மீதி 7தான். அடுத்தது?

---

கணக்கு_வாத்தியார்

அடுத்தது முக்கோண எண்கள். 1 + 2 + 3 + … என்று கூட்டி இந்த எண்ணை அடைய முடியுமா?

ஓர் எண் முக்கோண எண்ணாக இருக்க, அதை 8ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்கம் வர வேண்டும். நமக்கு அது 8 × (2^64 − 1) + 1 = 2^67 − 7. அதாவது கேள்வி, 2இன் எந்த அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் வர்க்கம் கிடைக்கும் என்பது. இதையே 1913இல் இராமானுஜன் கேட்டார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்துக்குத்தான் கிடைக்கும் என்பது அவர் ஊகம். 1948இல் நாகெல் அதை நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வரும் எண்களில் முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே. நம் எண்ணுக்கு அந்தப் பெருமை இல்லை. ஓர் எண்ணிடம் என்ன இல்லை என்பதும் அதன் குணம்தானே. இதைச் சொல்ல 35 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

---

மறுப்பாளன்

இராமானுஜனை இழுத்துவந்தால் நான் வாயை மூடிவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். சரி, பாதி உண்மை. ஆனால் வர்க்கப்பித்தன் அரைகுறையாக விட்டுப்போனதை முடித்துவிடுகிறேன்.

இரண்டு வர்க்கமாக உடைய முடியாததற்குக் காரணம் 3 ஒன்றுதான். மற்ற ஆறு பகா எண்களும் 4ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, அப்படிப்பட்டவை எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 3ஐத் தூக்கிவிடுங்கள். மிச்சம் 6148914691236517205. இருமத்தில் 1010101… என்று ஒன்றுவிட்டு ஒன்று. 1 + 4 + 16 + 64 + … என்று 32 உறுப்புகள். இதை இரண்டு வர்க்கமாக எழுத முடியும். எத்தனை விதமாக? ஆறு வெவ்வேறு பகா எண்கள், ஆகவே 2^5 = 32 விதம்.

ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். 5 = 1² + 2², 17 = 1² + 4², 257 = 1² + 16², 65537 = 1² + 256², 4294967297 = 1² + 65536². இரண்டு வர்க்கக் கூட்டல்களைப் பெருக்கினால் இன்னொரு வர்க்கக் கூட்டல் வரும் என்ற பழைய சூத்திரத்தைத் தொடர்ந்து போட்டால் 85 = 7² + 6², அப்புறம் 21845 = 103² + 106², அப்புறம் 1431655765 = 27033² + 26474², கடைசியில்

6148914691236517205 = 1735027097² + 1771608214²

பார்த்தீர்களா, 641ஐத் தொடவே இல்லை. குடும்பச் சொத்தை மட்டும் வைத்தே முடித்துவிட்டேன்.

---

நிலா_படிக்கிறாள்

அண்ணா, உங்கள் வழியில் கூட்டல் கழித்தல் குறிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் 16 விதம்தான் வரும். ஐந்து துண்டுகள், 2^4. மீதி 16?

---

கணக்கு_வாத்தியார்

நிலா சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். மீதி 16க்கு 4294967297ஐ உடைத்தே ஆக வேண்டும்.

641 = 25² + 4²
6700417 = 2556² + 409²

இவற்றை ஒரு விதமாகப் பெருக்கினால்

25 × 2556 + 4 × 409 = 65536
25 × 409 − 4 × 2556 = 10225 − 10224 = 1

அதாவது ஃபெர்மா பார்த்த 65536² + 1². மயிரிழையில் 1 வந்து நிற்கிறது பாருங்கள். குறியை மாற்றிப் பெருக்கினால் 62264ம் 20449ம் வருகின்றன.

4294967297 = 65536² + 1² = 62264² + 20449²

ஒரு பகா எண்ணை இரண்டு விதமாக இப்படி எழுத முடியாது. இந்த இரண்டாவது வரி தெரிந்தால் அதிலிருந்தே 641ஐ எடுத்துவிடலாம். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 8. 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450; மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. 4² + 25² = 641. இந்த உத்தியும் ஆய்லருடையதே.

---

இரும_ரசிகன்

அப்படியானால் 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் 32 விதம் என்பது 16 ஆகியிருக்கும், 128 வகுஎண்கள் 64 ஆகியிருக்கும், பாஸ்கல் முக்கோணத்தில் எல்லாமே தென்பட்டிருக்கும், பலகோணத்தையும் வரைந்திருக்கலாம். இத்தனையும் மாறியது ஒரே விரிசலால். மறுப்பாளன், இன்னும் பாதி ஒப்புதல்தானா?

---

மறுப்பாளன்

முக்கால்.

62264, 20449 ஜோடியை என் 27033, 26474ஓடு பெருக்கினேன்:

6148914691236517205 = 2224549538² + 1095579319²

இது 641 இல்லாமல் வராது, ஒப்புக்கொள்கிறேன். இந்த வகையில் இன்னும் 15 பாக்கி, என் பழைய வகையில் 15 பாக்கி. முப்பதையும் யாராவது நிரலாக எழுதிப் போடுங்கள். மிதவைப் புள்ளியில் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.